சாயவேரும் பசுமை முத்திரையும்

மேனாட்டுக் கடைகளில் இன்று விற்பனைக்கு வரும் ஆடைகளின் உட்புறத்தே, அளவையும் பிறந்த நாட்டையும் குறிக்கும் துண்டுக்கு அருகில், மற்றுமொரு துண்டு தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இரசாயன உரமின்றி விளைந்த பருத்தி, மரஞ்செடிகளினின்று பெற்ற சாயம், பழைய துணியினின்று மீட்ட நூல், ஆற்றை மாசுபடுத்தாத ஆலை என்றவாறு அத்துண்டு சான்று பகர்கின்றது. சுற்றாடலுக்குத் தீங்கு செய்யாத ஆடையே வேண்டும் என்போர் தொகை, சிறப்பாக இளைஞரிடையே, பெருகிவருகின்றது. பொருளியலார் இதனைக் ‘கேள்வி’ என்பர். கேள்வி செல்லும் வழியே நிரம்பலும் செல்லும். நல்ல பொருளைக் கேட்போர் பெருகினால் நல்ல பொருளே சந்தையில் நிலைக்கும். ஆகவே சட்டமும் போராட்டமுமின்றி வாங்குவோரின் மனச்சாட்சியே தொழிலுலகைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்து பரவுகின்றது.

இம்மனச்சாட்சியை எள்ளி நகையாடுதல் முற்போக்காகாது. தான் உடுப்பது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று ஒருவன் வினவத் தொடங்குவது, பண்டத்தின் பின்னே மனித உழைப்பு மறைந்து கிடப்பதை உணர்வதற்கு முதற்படியாகும். ஆயினும் முதற்படியையே வழி முழுவதுமெனக் கொள்ளலாமா? ஆடையின் வரலாற்றில் வாங்குவோரின் விருப்பமும் மனச்சாட்சியும் பன்முறை பெருஞ்சக்திகளாக எழுந்துள்ளன. அவை எதனைச் சாதித்தன, எவ்விடத்தில் நின்றுவிட்டன என்பதை ஈண்டுச் சில நிகழ்ச்சிகள் கொண்டு நோக்குவோம்.

இன்று பெரிதும் போற்றப்படும் இயற்கைச் சாயத்திலிருந்தே தொடங்கலாம். அதன் கதை நமது மண்ணோடு தொடர்புடையது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணச் சீலைகள் ஐரோப்பியரை மயக்கின. துவைக்கத் துவைக்க மங்காத அவற்றின் சிவப்பு அவர்களுக்குப் பெருவியப்பாயிருந்தது. தம் நாட்டுக் கம்பளி, பட்டுத் தொழில்கள் அழியுமென்று அஞ்சிய அரசுகள் தடைவிதித்தன. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அச்சீலைகளை விலக்கிவைத்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் அவற்றுக்கெதிராகச் சட்டமியற்றிற்று. அவ்வளவிலும் கேள்வி ஓயவில்லை.

அச்சிவப்பைத் தந்தவற்றுள் முதன்மையானது சாயவேர். இம்பூரல் என்னும் சிறு பூண்டின் மெல்லிய வேர் அது; மணற்பாங்கான வறண்ட நிலத்தில் ஆழ இறங்குவது. அதன் பட்டையிலுள்ள சாயம், படிகாரம் ஊட்டிய துணியிலே பற்றிச் சிவக்கும். மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் கிடைத்த வேர் பெயர்பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி அதனைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டது. அவ்வேரை அகழ்ந்தோர் யாவர்? வேர்குத்துதலைப் பிறப்புவழித் தொழிலாகச் சுமந்த, சாதியமைப்பின் அடித்தளத்து மக்களே. வேரை அகழ்ந்து கம்பனி குறித்த விலைக்கு ஒப்படைப்பது அவர்தம் ஊழியக் கடமையாயிருந்தது. நிலப்பிரபுத்துவச் சாதிமுறையை ஒழிக்க வந்ததாகக் கூறிக்கொள்ளும் வணிக மூலதனம், தனக்கு வேண்டியவிடத்து அச்சாதிமுறையையே கருவியாக்கிக்கொண்டமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. மண்ணையும் நீரையும் நஞ்சாக்காத சாயம் அது. இன்றைய பசுமை முத்திரையொன்றைப் பெற அதற்கு எத்தடையும் இராது. வேர்குத்தியவரின் நிலை மட்டும் சீலையின் எந்த மூலையிலும் தெரிந்திராது.

அவுரியின் கதையும் இத்தகையதே. நீலச்சாயம் வேண்டி நின்ற ஐரோப்பியச் சந்தைக்காக, வங்காளத்து உழவர் முற்பணக் கடனாற் பிணிக்கப்பட்டு, நெல்விளைய வேண்டிய நிலத்தில் அவுரி பயிரிட்டனர். அவர்கள் 1859–60இல் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். பீகாரின் சம்பாரண் உழவரின் துயரைத் தீர்க்க 1917இல் காந்தி செல்ல நேர்ந்தது. இதற்கிடையே 1856இல் பதினெட்டு வயது மாணவனான வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரினின்று ஊதாச்சாயமொன்றைக் கண்டுபிடித்தான். 1897இல் ஜேர்மன் இரசாயனத் தொழிற்சாலை ஆக்கிய செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. வயலின் நுகம் தளர்ந்தது. ஆனால் நஞ்சு ஆலைக்குள் நுழைந்தது. பிராங்பேர்ட் நகர மருத்துவர் லூட்விக் ரேன், சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் காணப்படுவதை 1895இலேயே அறிவித்தார். இயற்கைச் சாயம் நல்லது, செயற்கைச் சாயம் தீயது என்று எளிதிற் பிரித்துவிட முடியாதென்பதும், சாயத்தின் குணத்தைப்போலவே அதனை ஆக்குவோர் எவ்வுறவில் நிற்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கதென்பதும் இதனாற் புலனாகும்.

இதுவரை கூறியது வாங்குவோரின் விருப்பம் பற்றியது. இனி அவர்தம் மனச்சாட்சியை நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் குவேக்கர் சமயத்தாரும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும், அடிமைகள் விளைத்த பருத்தியையும் சர்க்கரையையும் வாங்குவதில்லை என்று உறுதிபூண்டனர். சுதந்திர உழைப்பால் விளைந்த பொருள்களை மட்டும் விற்கும் கடைகள் 1820களிலே தோன்றின. 1838இல் இதற்கெனச் சங்கமொன்றும் அமைந்தது. இன்றைய ‘தூய ஆடை’ இயக்கங்களுக்கெல்லாம் முன்னோடி இது. ஆனால் அத்தகைய துணி அரிதாயும் விலை கூடியதாயும் தரங்குறைந்ததாயும் இருந்தது. அடிமைப் பருத்தியை வாங்க லங்காஷயரின் ஆலைகள் காத்துக்கிடந்தன. 1830இல் ஏறத்தாழ 20 இலட்சமாயிருந்த அமெரிக்க அடிமைகளின் தொகை 1860இல் 39 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மனச்சாட்சியுள்ள ஒரு சிலர் தம் கைகளைக் கழுவிக்கொண்டனர். பருத்தி வயல் விரிந்துகொண்டே சென்றது.

அவ்வயலின் விலங்கை உடைத்தது உள்நாட்டுப் போரும், அதன்போது தோட்டங்களை விட்டு வெளியேறிப் படையிற் சேர்ந்த அடிமைகளின் செயலுமாகும். அப்போரினாற் பருத்தி வரவு நின்று லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபொழுது, பட்டினியின் நடுவே 1862 டிசம்பர் 31இல் மாஞ்செஸ்டரிற் கூடிய தொழிலாளர், அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்கு மடல் வரைந்தனர். 1863 ஜனவரி 19இல் லிங்கன் அவர்களுக்கு நன்றி கூறி விடையெழுதினார். அவர்கள் கடையிலே துணியைத் தெரிந்தெடுத்தவர்கள் அல்லர், அத்துணியை நெய்தவர்கள். தம் வயிற்றைப் பணயம் வைத்து அவர்கள் காட்டிய ஒருமைப்பாட்டுக்கும், கூடிய விலை கொடுத்து வாங்கிய தூய்மைக்கும் உள்ள வேறுபாடு மனங்கொளத்தக்கது.

நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு முயற்சி எழுந்தது. எங்கெல்சின் ‘இங்கிலாந்தில் தொழிலாள வர்க்கத்தின் நிலைமை’ என்னும் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புளோரன்ஸ் கெலி, 1899இல் அமெரிக்காவின் தேசிய நுகர்வோர் கழகத்தின் செயலாளரானார். கழகம் ‘வெள்ளை முத்திரை’ ஒன்றை வெளியிட்டது. தொழிற்சாலைச் சட்டங்களைக் கைக்கொள்ளுதல், பொருள்களையெல்லாம் ஆலைக்குள்ளேயே ஆக்குதல், மேலதிக நேர வேலை வாங்காதிருத்தல், 16 வயதுக்குட்பட்டோரை அமர்த்தாதிருத்தல் ஆகிய நான்கையும் நிறைவேற்றும் ஆலைகளுக்கே அது வழங்கப்பட்டது. மகளிர், சிறுவர் ஆகியோரின் வெண்பருத்தி உள்ளாடைகளே அதன் எல்லை. எல்லைக்கு வெளியே என்ன நிகழ்ந்தது? 1911 மார்ச் 25இல் நியூயோர்க் நகரின் முக்கோண மேற்சட்டை ஆலை தீப்பற்றி 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். பூட்டிய கதவுகள் அவர்களைச் சிறைப்படுத்தியிருந்தன. அவ்வாலைப் பெண்கள் 1909இலேயே பல்லாயிரவரோடு சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். தீயின் பின் எழுந்த மக்கள் கொந்தளிப்பும் தொழிற்சங்கங்களின் வலிமையும் நியூயோர்க் மாநிலத்தைப் புதிய தொழிற்சட்டங்கள் இயற்றச் செய்தன. கெலியும் இவ்வுண்மையை உணராதவரல்லர். அவரது கழகம் பெண்களின் வேலைநேரத்தை வரையறுக்கும் சட்டத்துக்காக 1908இல் நீதிமன்றத்திலே வாதாடி வெற்றி கண்டது. 1918இல் வெள்ளை முத்திரையைக் கைவிட்டது.

இவை பழங்கதைகள் என்று தள்ளிவிடலாமோ? நமது காலத்துக்கு வருவோம். 1994இல் ஜேர்மனி, புற்றுநோய் விளைக்கும் பொருள்களை வெளிவிடக்கூடிய அசோச் சாயங்களை ஆடைகளில் தடைசெய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவ்வழியைப் பின்பற்றிற்று. ஏற்றுமதி செய்யும் நாடுகளின் சாயப்பட்டறைகள் தம் சாயங்களை மாற்றிக்கொண்டன. உடுப்போரின் அச்சம் சட்டமாகி, கடல்கடந்தும் செயற்பட்டமைக்கு இது சான்று. சாயத் தொழிலாளிக்கும் இதனால் நன்மையுண்டு. ஆனால் இச்சட்டம் சோதித்தது துணியை. துணி துறைமுகத்தை அடையுமுன் ஓடிப்போன நீரை அதனாற் சோதிக்க முடியாது.

அந்நீர் எங்கே சென்றது என்பதைத் தமிழகத்தின் நொய்யலாறு காட்டும். வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியோடு கலக்கும் அவ்வாற்றங்கரையில் உள்ள திருப்பூர், 1980களின் பின் பின்னலாடை ஏற்றுமதியால் உலகப் பெயர் பெற்றது. பருத்தித் துணியிலே சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். அவ்வுப்போ துணியில் தங்குவதில்லை, சாயநீரோடு வெளியேறுகின்றது. ஆகவே நச்சுச் சாயம் அகற்றப்பட்ட பின்னும், துணி எவ்வளவு தூய்மையாகக் கப்பலேறினாலும், உப்பு ஆற்றிலேயே தங்கிற்று. 1992இல் பாசனத்துக்கெனக் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. அணைநீரைத் திறக்க வேண்டாமென்று உழவரே வேண்டும் விந்தை நிகழ்ந்தது. ஐரோப்பிய நகரொன்றில் மாசற்ற மேற்சட்டையைத் தெரிந்து வாங்கிய இளைஞன் இதனை அறிய வழியேது? அவன் கையிலிருந்த சட்டை உண்மையிலேயே மாசற்றதுதான்.

ஆற்றைக் காக்க எழுந்தவர்கள் ஆற்றுநீரை நம்பி வாழ்ந்தவர்கள். நொய்யல் ஆயக்கட்டு உழவர் சங்கத்தார் 2003இல் வழக்குத் தொடுத்தனர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. தீர்ப்பு நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரி 28இல் சாய, வெளுப்புப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. நீரை வடிகட்டி, ஆவியாக்கி, உப்பைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் பொறித்தொகுதிகள் அதன் பின்னரே பரவலாயின. இன்று அதே நகரின் ஆடை, நீரை மீளப் பயன்படுத்தும் பசுமை ஆடையென்று சந்தைப்படுத்தப்படுகின்றது. முத்திரை தன் பெயரால் விற்பது உழவர் வழக்காடிப் பெற்ற பயனையே. பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்த தொழிலாளரும் அச்செலவிற் பங்குகொண்டவர்கள் என்பதையும் மறத்தலாகாது.

முத்திரை தனித்து நிற்கும்போது அதன் மதிப்பென்ன என்பதைக் கராச்சி காட்டிற்று. 2012 செப்டெம்பர் 11இல் அந்நகரின் ஆடை ஆலையொன்று தீப்பற்றியபோது 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களுக்குக் கம்பி அடிக்கப்பட்டிருந்தது. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. தீயை மூட்டியவர்கள் பற்றிப் பின்னர் நீதிமன்றம் தனியே தீர்ப்பளித்தது. தப்ப வழியின்றிப் போனமைக்கு அது விடையாகாது. சர்வதேசத் தரச்சான்றிதழ் அவ்வாலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2013 ஏப்பிரில் 24இல் பங்களாதேஷின் ரானா பிளாசாக் கட்டடம் சரிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். முதல்நாள் சுவரில் வெடிப்புக் கண்டு, கீழ்மாடியிலிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றிற்று. தையல் தொழிலாளரோ மறுநாளும் உள்ளே அனுப்பப்பட்டனர். மறுத்துக்கூற அவர்களுக்குச் சங்கமில்லை. அதன்பின் சர்வதேசத் தொழிற்சங்கங்களுடன் 200க்கு மேற்பட்ட ஆடைக் கம்பனிகள் செய்துகொண்ட உடன்படிக்கை, சட்டப்படி கட்டுப்படுத்துவதாயிருந்தது. மேனாட்டு நுகர்வோரின் சீற்றம் அவ்வுடன்படிக்கைக்குத் துணைநின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இக்கேடுகளெல்லாம் தனியார் சந்தைக்கே உரியவை என்று நாம் கூறிவிட்டால் வரலாறு நம்மை மன்னிக்காது. 1960இல் உலகின் நான்காவது பெரிய உள்நாட்டு நீர்ப்பரப்பாயிருந்த ஆரல் கடல், சோவியத் மத்திய ஆசியாவின் பருத்தித் திட்டங்களுக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகள் திசைதிருப்பப்பட்டமையால் வற்றிப்போயிற்று. உற்பத்தி இலக்குக்கு முன் ஆற்றங்கரை மக்களின் குரல் அங்கும் எடுபடவில்லை. சோவியத் அமைப்புச் சிதைந்த பின்னும் உஸ்பெக்கிஸ்தான் அரசு ஆசிரியரையும் மருத்துவரையும் மாணவரையும் கட்டாயமாகப் பருத்தி பறிக்க அனுப்பிவந்தது. அந்நாட்டு மனித உரிமையாளர் சிறைக்கும் அடிக்கும் அஞ்சாது வயல்வயலாகச் சென்று சாட்சியங்கள் திரட்டினர். அவற்றை நம்பி, 300க்கு மேற்பட்ட ஆடைக் கம்பனிகள் உஸ்பெக் பருத்தியை விலக்குவதாக உறுதியளித்தன. 2021ஆம் ஆண்டு அறுவடையில் அரசு திட்டமிட்டுச் சுமத்தும் கட்டாய உழைப்பு ஒழிந்ததெனச் சர்வதேசத் தொழில் தாபனம் கண்டது. 2022 மார்ச்சில் விலக்கல் கைவிடப்பட்டது. நுகர்வோர் கேள்வி வென்ற நிகழ்ச்சி இது. அடிமைப் பருத்தியை விலக்கியோர் தோற்றவிடத்து இவர்கள் வென்றமைக்குப் பல காரணங்கள் உண்டு. வயலிலிருந்து எழுந்த குரலும் கடையிலிருந்து எழுந்த குரலும் ஒன்றாகச் சேர்ந்தமை அவற்றுள் தலையாயது.

இனி நமது நாட்டை நோக்குவோம். 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. நாளடைவில் ஆடையே பொருள் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் இரண்டு பங்களவைத் தரும் தொழிலாயிற்று. 2006இல் இலங்கை ஆடை ஏற்றுமதியாளர், குற்றவுணர்வின்றி உடுத்தத்தக்க ஆடை என்னும் பொருள்படும் முழக்கமொன்றை முன்வைத்தனர். ஒருகால் அரசாங்க நெசவாலை நின்ற துல்கிரியவில் 2008இல் பசுமைத் தொழிற்சாலையொன்று திறக்கப்பட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. மின்சாரத்தையும் நீரையும் மிச்சப்படுத்தும் இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் இலங்கை ஆடைக்கு அந்த நற்பெயர் எங்கிருந்து வந்தது? சிறுவர் தையலாலைக்குச் செல்லாது பள்ளிக்குச் செல்வதற்குக் காரணம் 1945இன் இலவசக் கல்வி. தாய்க்கு விடுப்பும் ஊதியமும் தந்தது 1939இன் மகப்பேற்று நன்மைச் சட்டம். கூலிக்கு அடித்தளம் இட்டது 1941இன் சம்பளச் சபைகள் சட்டம். தொழிலாளர் இயக்கமும் இடதுசாரிகளும் கல்விக்காகப் போராடியோரும் முந்திய தலைமுறையில் ஈட்டிய செல்வம் இது. அதனையே இன்று ஏற்றுமதியாளர் முத்திரையாகத் தைத்து விற்கின்றனர். 2011 மே மாதத்தில் ஊழியரின் சேமிப்பைப் பாதிக்குமென அஞ்சப்பட்ட ஓய்வூதியச் சட்டமூலத்துக்கெதிராகக் கட்டுநாயக்கத் தொழிலாளர் வீதிக்கு வந்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இளந்தொழிலாளி ஒருவர் உயிர்நீத்தார்; சட்டமூலம் கைவிடப்பட்டது. எந்த நுகர்வோனும் அவ்வெற்றியை வாங்கித் தரவில்லை.

இதற்கிடையே உற்பத்தியின் அளவு பெருகியவாறே உள்ளது. 2000இல் ஏறத்தாழ 5.8 கோடித் தொன்னாயிருந்த உலக இழை உற்பத்தி 2023இல் 12.4 கோடித் தொன்னாயிற்று. அதிற் பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்து பிறக்கும் பொலியெஸ்டர். பசுமை ஆடைக்கான கேள்வியும் மொத்த ஆடைக்கான கேள்வியும் ஒருங்கே வளர்கின்றன. பசுமை ஆடை மற்றையதன் இடத்தைப் பிடிக்கவில்லை. அதன் அருகிலே தனக்கும் ஓரிடம் தேடிக்கொண்டது. இலாபத்துக்காக மேன்மேலும் விற்றாக வேண்டிய அமைப்பில் வேறுவகையாக நிகழ்தல் அரிது.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது? சந்தையிலே ‘கேள்வி’ என்பது வாங்கும் வலுவோடு கூடிய விருப்பம். பணமில்லாதவனுக்கு அங்கே கேள்வி இல்லை. வகுப்பறையில் அச்சொல்லுக்கு வேறு பொருளுண்டு; அங்கே யாரும் கேட்கலாம். சாயவேர் அகழப்பட்ட வன்னியிலே, போர் முடிந்த 2009இன் பின், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. நம் மாணவரின் தமக்கையரும் தாயரும் அங்கே தைக்கின்றனர். அவர்கள் தைக்கும் ஆடையிற் பசுமை முத்திரை இருக்குமாயின், அதற்கான செலவை ஏற்றது விலையைக் குறிக்கும் மேனாட்டுக் கொள்வனவாளரா, அன்றி நாளொன்றுக்கு முடிக்கவேண்டிய உருப்படிகளின் தொகை உயர்த்தப்பட்ட தையற்காரியா? ஆலையின் கழிவுநீர் எக்குளத்தைச் சேர்கின்றது? அங்கே சங்கம் அமைக்க முடியுமா? இம்மூன்று கேள்விகளையும் தைப்பவரும் உடுப்பவரும் ஒருங்கே கேட்கும் நாளில், முத்திரைக்கும் அது கூறும் சொல்லுக்கும் இடையிலுள்ள தூரம் குறையத் தொடங்கும்.